மலைவிடுதி தெரிதல்

உழைத்தவர் ஓய்வை நாடுதல் இயல்பு. ஓய்விற்குத் தக்க இடம் தேடுதலும் இயல்பே. சித்திரை பிறந்து சமவெளியில் வெயில் ஏறத் தொடங்கியதும், கையிற் சிறிது பொருளுடையோர் நீலகிரியை நினையாதிருத்தல் அரிது. இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருள்ளும் ஆசிரியப் பெருமக்களுள்ளும் ஆண்டுதோறும் குடும்பத்துடன் உதகைக்கோ குன்னூருக்கோ செல்வோர் பலர். ஒரு நாள் வாடகையே எம் கல்லூரிக் கட்டணத்திற் பெரும் பகுதியை விழுங்கவல்ல உயர்தர விடுதிகளைப் பற்றிப் பேச, மாணாக்கராகிய எமக்கு யாது தகுதி என்று அவர்கள் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் சென்ற கோடையில் அத்தகைய விடுதியொன்றைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு எம்மேல் வந்து விழுந்தது. அதனால் யாம் கொண்ட கருத்தையே இங்கு எழுதத் துணிகின்றோம்.

எம் தாய்மாமன் துபாயிற் பணிபுரிபவர். விடுமுறைக்கு வந்திருந்த அவர், தம் அன்னையாராகிய எம் பாட்டியாரை நீலகிரியிலேயே மிகச் சிறந்த விடுதியில் நான்கு நாள் தங்கவைத்தல் வேண்டுமென்று உறுதி கொண்டார். காரணம் இது. பாட்டியார் குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். லைன் வீட்டில் வாழ்ந்து, அக்கூலியைக் கொண்டே மக்களைப் படிக்க வைத்தவர். துரை பங்களாவின் முன்வாயிலை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை. “இந்தத் தடவை எங்கம்மா முன்வாசல் வழியாத்தான் உள்ள போகணும். பணத்தைப் பத்தி யோசிக்காத, நல்ல இடமாப் பாரு மாப்பிள்ளை” என்று கூறி, மாமா இக்காரியத்தை எம்மிடம் ஒப்படைத்தார்.

பணத்தைப் பற்றி எண்ண வேண்டாவெனின் தெரிவு எளிதென்று யாமும் முதலில் எண்ணினோம். அஃது எளிதன்று. விடுதி தெரிவோர் பெரும்பாலோர் முதலில் அறையின் படத்தைக் காண்கின்றனர். அடுத்து வாடகையைக் கேட்கின்றனர். முன்பணம் கட்டிய பின்னரே அவ்விடுதி எவ்விடத்தது என்று ஆராய்கின்றனர். யாமும் முன்னொரு முறை நண்பர் சிலருடன் சென்றபோது இவ்வாறே செய்து இடர்ப்பட்டோம். “பள்ளத்தாக்கை நோக்கிய அறை” என்று விளம்பரத்திற் கண்டோம். அறை பள்ளத்தாக்கை நோக்கியது மெய்யே. ஆனால் அதற்கும் பள்ளத்தாக்கிற்கும் இடையே மற்றொரு விடுதியின் புறச்சுவர் நின்றது. ஆகவே இம்முறை வரிசையைத் தலைகீழாக மாற்றினோம். முதலில் இடம், அதன்பின் விடுதி, இறுதியில் அறை. இதுவே சரியான முறை என்பது எம் துணிபு.

இம்முறை புதியதன்று. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் யாம் பயிலும் பத்துப்பாட்டினுள் மலைபடுகடாம் என்பது, நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு, முன்னரே சென்று வந்த கூத்தனொருவன் வழி கூறுவதாக அமைந்தது. மலைப்பயணத்திற்கு நம் மொழியிலுள்ள பழைய வழிகாட்டி நூல் அதுவே எனலாம். அக்கூத்தன் நன்னனுடைய அரண்மனையின் சிறப்பொன்றையே கூறி அமைந்தானில்லை. எவ்வழி செல்வது, எங்குப் பன்றிக்கு வைத்த பொறியுண்டு, எங்கு யானையை விரட்டக் கவண்கல் எறிவர், எச்சிற்றூரார் என்ன உணவு அளிப்பர் என்று வழியையும் விலங்கையும் மக்களையும் விரித்துரைக்கின்றான். மலையை அறியாமல் மலையில் விருந்தினனாதல் இயலாதென்பது அப்புலவர்க்குத் தெரிந்திருந்தது.

நிற்க. இடமெனின், நீலகிரி ஒரே இடமன்று. உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தது. மார்கழி, தை மாதங்களில் அங்கே புல்லின்மேல் உறைபனி படியும். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர்; குளிர் மிதமானது. கோத்தகிரிக்குத் தொட்டபெட்டாச் சிகரம் அரணாக நின்று தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தைத் தடுக்கின்றது. ஆனி முதல் புரட்டாசி வரை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி முதலிய மேற்குப் பகுதிகளிற் பெருமழை. ஐப்பசி, கார்த்திகையிலோ குன்னூரும் கோத்தகிரியும் நனையும். முதியோரை அழைத்துச் செல்வோர் இவற்றை அறியாது, மெத்தையின் கனத்தை மட்டும் விசாரித்தல் பேதைமையாகும்.

இடத்தின் இயல்பிலும் முக்கியமானது, விடுதி நிற்கும் சரிவு. 2009-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் பெருமழையில் இம்மாவட்டத்து மண் பல இடங்களிற் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. இம்மலை நீரைப் பிடித்துவைப்பது சோலைக்காடுகளாலும் புல்வெளிகளாலுமே. சரிவைச் செங்குத்தாக வெட்டி, ஓடைமேல் மண் நிரப்பி, அதன்மேல் அடுக்குமாடி எழுப்பினால், மழைநீர் தன் பழைய வழியைத் தேடாமலிராது. மலைநகரங்களுக்கென்று தனிக் கட்டிட விதிகள் 1993-ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டன. விதி உண்டு, அவ்விதிக்கு உட்பட்டே இக்கட்டிடம் எழுந்ததா என்று தங்குவோருள் எத்தனை பேர் வினவுகின்றனர்?

இவ்வினாவின் முதன்மையை மசினகுடியைப் போல் விளக்கவல்லது வேறில்லை. உதகையினின்று வடக்கே மலையிறங்கினால் சீகூர்ப் பீடபூமி. முதுமலைக் காட்டை அடுத்த அந்நிலம், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் வலசை போகும் வழி. “காட்டின் நடுவே உல்லாசம்” என்று விளம்பரப்படுத்திய விடுதிகள் பல அவ்வழியிலேயே எழுந்தன. தமிழ்நாட்டரசு 2010-இல் அதனை யானை வழித்தடமென்று அறிவித்தது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வறிவிப்பை ஏற்றது. 2018 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் ஆணையால் விடுதிகள் பல பூட்டி முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் வழித்தடத்தை உறுதிசெய்து தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வந்து மூன்று மாதமாகுமுன், 2021 ஜனவரியில், மசினகுடியில் தனியார் தங்குமிடமொன்றின் அருகே வந்த யானையின்மேல் எரியும் டயர் வீசப்பட்டது. காதும் தலையும் வெந்த அவ்விலங்கு மாண்டது. அதன் காட்சியைக் கைப்பேசியிற் கண்டு நாடே திடுக்கிட்டது. யானையைக் காண்பதற்கென்றே பொருள் கொடுத்து அங்குச் சென்றவர் எத்தனையோ ஆயிரவர்! அவர்களுள் ஒருவரும் யானைக்குத் தீங்கு நினைத்தவரல்லர். ஆயினும் அது நடக்கும் வழியில் நாம் கட்டில் போடச் சொன்னோம். இல்லையேல் அங்குக் கட்டில் போடுவோர் யார்?

அங்ஙனமாயின் எங்கேதான் தங்குவது என்பீர்கள். ஏற்கெனவே எழுந்து நெடுங்காலம் நின்ற வீடுகளில் தங்குக என்பது எமது விடை. நீலகிரியில் அத்தகைய வீடுகளுக்குக் குறைவில்லை. கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி, கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் வீடு அமைத்தார். பின்னர் உதகையில் அவர் எழுப்பிய கல் பங்களா இன்று அரசு கலைக்கல்லூரியின் வளாகத்தில் உள்ளது. உதகையிலுள்ள சவாய் விடுதி 1829-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கூறிக்கொள்வது. 1844-இல் எழுந்த பெர்ன்ஹில் மாளிகை பின்னர் மைசூர் மன்னரின் கோடை இருக்கையாயிற்று. ஜோத்பூர் மன்னரின் அரண்மூர் அரண்மனை, தமிழகம் என்னும் பெயரில் அரசு விருந்தினர் இல்லமாயிற்று. இவையன்றி, தோட்டத் துரைமார் வாழ்ந்த சிறு பங்களாக்கள் சில குன்னூரிலும் கோத்தகிரியிலும் விடுதிகளாகியுள்ளன.

பழமையைப் போற்ற வேண்டுமென்றோ, வெள்ளையர் வாழ்ந்தமையால் அவ்வீடுகள் சிறந்தன என்றோ யாம் இதைக் கூறவில்லை. அவ்வீடுகள் நிற்கும் நிலம் தோடர்கள் எருமை மேய்த்த நிலம் என்பதை மறத்தல் தகாது. மலைமேல் எழுந்த ஆடம்பரம் என்றும் பிறிதோரிடத்தினின்று எடுக்கப்பட்டதே. 1830-இல் அர்ப்பணம் செய்யப்பெற்ற உதகைத் தூய ஸ்தேவான் ஆலயத்தின் தேக்கு உத்திரங்களும் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டண மாளிகையினின்று கொணரப்பட்டவை. அவ்வாலயத்தில் தலைநிமிர்ந்து நோக்கும்போதெல்லாம் எமக்கு இந்நினைவு எழுகின்றது. எடுத்தது எடுத்ததே, அதை இனி மாற்றவியலாது. ஆனால் இருநூறாண்டுக்கு முன் சமன்செய்த தரையில் இன்று ஒருவர் உறங்குவதால் மலையில் மற்றொரு சரிவு வெட்டப்படுவதில்லை. பழைய வீட்டிற்கு யாம் காணும் சிறப்பு இவ்வளவே.

இரண்டாவதாகக் கேட்கத்தக்க வினா எமக்குத் தோன்றியதன்று, பாட்டியார் கேட்டது. யாம் கைப்பேசியில் விடுதிகளின் படங்களை ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டினோம். வெந்நீர் நிரம்பிய நீச்சற்குளமும், அறைதோறும் பெரிய குளியற்றொட்டியும் உடைய விடுதியொன்றை மாமா மிக விரும்பினார். பாட்டியார் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “தண்ணி எங்கிருந்து வருது கண்ணு?” என்றார். யாம் விடையறியோம். மாசி, பங்குனி மாதங்களில் லைன் வீட்டுக் குழாயடியில் விடியுமுன் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கச் சென்றவர் அவர். அவ்வினா அவர்க்கு இயல்பு. எமக்கன்றோ அது தோன்றியிருத்தல் வேண்டும்!

பின்னர் விசாரித்தோம். உதகை நகரத்துக் குடிநீர் பெரும்பாலும் பார்சன்ஸ் வேலி நீர்த்தேக்கத்தினின்று வருவது. கோடையில் நகர மக்கள் தொகையினும் பன்மடங்கு விருந்தினர் வந்து குவியும்போது அந்நீரே யாவர்க்கும் பங்கிடப்படுதல் வேண்டும். போதாதபோது பெருவிடுதிகள் லாரியில் நீர் வாங்கும். லைன் வீட்டார் வாங்கவியலார். சென்ற நீரின் கதையும் அத்தகையதே. 1820-களில் சல்லிவன் அமைத்த உதகை ஏரியில், கோடப்பமந்துக் கால்வாய் வழியே நகரக் கழிவுநீர் பல்லாண்டு கலந்து வந்தமை அந்நகரார் யாவரும் அறிந்தது. ஆதலின் விடுதி தெரிவோர் தொலைபேசியில் மூன்று கேட்கலாம். மழைநீரைச் சேமிக்கின்றீர்களா? கழிவுநீரை என் செய்கின்றீர்கள்? குடிநீரைக் கண்ணாடிக் குடுவையில் தருவீர்களா? ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு எதிரான முயற்சி இம்மாவட்டத்தில் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்தது. மூன்றாவது வினாவிற்கு விழிக்கும் விடுதி முதலிரண்டையும் சிந்தித்திராது. குளிர்சாதனம் இல்லையென்பதைக் குறையாகக் கூறுவோரும் உளர். இயற்கையே குளிரைத் தரும் மலையில் ஒரு கம்பளியும் கணப்பும் போதும்.

மூன்றாவது வினா, அவ்விடுதி யாரைக் கொண்டு நடைபெறுகின்றது என்பது. மலைமேல் சோறாக்குவோரும் படுக்கை விரிப்போரும் பெரும்பாலும் தோட்டத்து மக்களே, அன்றி வடநாட்டினின்று வந்த இளைஞரே. தோட்டத்து மக்களுள், 1964-ஆம் ஆண்டுச் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையினின்று வந்த குடும்பத்தார் பலர். அவர்கட்கு வாழ்வளிக்கவென்றே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பெற்றது. தாய் கொழுந்து பறித்தாள். மகள் விடுதியில் தட்டு ஏந்துகின்றாள். இது உயர்வா, இடமாற்றம் மட்டுமா என்பது, அம்மகட்குக் கிடைக்கும் ஊதியத்தையும், இரவில் அவள் வீடு சேரும் வகையையும் பொறுத்தது. இதனை விளம்பரம் கூறாது. விருந்தினர்தாம் கேட்டறிதல் வேண்டும்.

இனி, எம் கருத்திற்கு மறுப்புக் கூறுவோர் இருதிறத்தார். விடுதிகளை இவ்வாறு ஆராய்ந்து ஒதுக்கினால் மலைமக்களின் பிழைப்பு என்னாவது என்பர் ஒருசாரார். இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. மசினகுடியில் விடுதிகள் பூட்டப்பட்டபோது ஜீப்பு ஓட்டியவரும் சமையற்காரரும் வேலையிழந்தது உண்மை. ஆயினும், பிழையான இடத்தில் விடுதி எழுந்தமையாலன்றோ அவர்தம் பிழைப்பு ஒருநாள் நீதிமன்ற வாயிலிற் போய் நின்றது? சரியான இடத்தில் எழுந்ததாயின் அவ்வேலையும் நிலைத்திருக்கும். ஒரு குடும்பம் ஆராய்ந்து தெரிவதால் மலை பிழைத்துவிடுமோ என்பர் மற்றொரு சாரார். ஊர்திகள் மிகுதியாகி மலை மூச்சுத் திணறியமையால், 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரநாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 ஊர்திகளென்று உயர்நீதிமன்றம் வரையறுத்தது. அவ்வாயிரங்களும் ஒவ்வொரு குடும்பமாகச் சேர்ந்தவையே. ஒவ்வொருவராகச் சேர்ந்து கெடுத்ததை ஒவ்வொருவராகவே திருத்தலாகாதோ?

எம் தெரிவைக் கூறி முடிப்போம். குன்னூரில், தேயிலைச் சரிவின் விளிம்பில் நிற்கும் பழைய பங்களா ஒன்றைத் தெரிந்தோம். அதன் பெயரை இங்குக் குறித்தல் விளம்பரமாகுமென்று விடுக்கின்றோம். மேட்டுப்பாளையத்தினின்று ரயிலிலேயே ஏறினோம். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் இயங்கத் தொடங்கி, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்தப் பல்சக்கர ரயிலில், தம் வாழ்நாளெல்லாம் அதன் ஊதலைக் கேட்டே நேரமறிந்த பாட்டியார், அன்றுதான் முதன்முறை அமர்ந்தார்.

விடுதியின் முன்வாயிலில் அவர் சிறிது தயங்கி நின்றார். மாமா அவர் கையைப் பற்றி, “வாங்கம்மா” என்றார். உள்ளே சென்றோம். நீச்சற்குளம் இல்லை, அறைகள் ஒன்பதே. மறுநாள் விடியலில் பாட்டியாரைப் படுக்கையிற் காணாது தேடினோம். தம் கம்பளியைத் தாமே மடித்து வைத்துவிட்டு, அடுக்களை வாயிலில் நின்று, அங்குச் சமைக்கும் அம்மையாருடன் பேசிக்கொண்டிருந்தார். இரவு வேலை முடிந்ததும் எவ்வாறு வீடு செல்கின்றீர்கள் என்று வினவ, விடுதி வண்டியே லைன் வரை கொண்டு விடுவதாக அவர் கூறினாராம். அச்செய்தியைப் பாட்டியார் எம்மிடம் இருமுறை கூறினார். மாமா பெரிதும் எதிர்பார்த்திருந்த அறையின் அழகைப் பற்றியோ, “நல்லாயிருக்குப்பா” என்பதற்குமேல் ஒன்றும் கூறினாரில்லை.

அன்பர்களே, உங்களுட் பலர் வரும் கோடையில் மலையேறுவீர்கள். நல்ல விடுதியிற் பொருள் செலவிட்டுத் தங்குதல் குற்றமன்று. நெடுநாள் உழைத்த பெற்றோரை அங்ஙனம் இருத்துதல் கடமையுமாகலாம். முன்பணம் கட்டுமுன் இம்மூன்றை மட்டும் கேளுங்கள். அவ்விடுதி எங்கே நிற்கின்றது? எந்நீரைக் குடிக்கின்றது? யாரைக் கொண்டு நடைபெறுகின்றது? விடை நேராக வந்தால், அறையின் படத்தை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.